வாங்கிய விளையாட்டு யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம்களை டிஸ்க்காக வாங்குவது நல்லதா, டவுன்லோடு செய்துகொள்வது நல்லதா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் சேரவிருக்கும் மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். டிஸ்க் டிரைவ் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை இருப்பதாகவும், இல்லாதது விலை குறைவு என்றும் கடைக்காரர் கூறுகிறார். எங்கள் வீட்டில் மொபைல் டேட்டா மட்டுமே உண்டு. எதை வாங்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். கன்சோலின், அதாவது விளையாட்டுக் கருவியின், விலையில் மிச்சமாகும் தொகை, அதன்பின் வாங்கப்போகும் விளையாட்டுகளில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும். டிரைவ் இல்லாத கன்சோலுக்கு விளையாட்டு கிடைக்கும் இடம் சோனியின் இணையக்கடை ஒன்றுதான். அங்கே என்ன விலையோ அதுவே விலை. டிஸ்க்காக இருந்தால் இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரிக்கலாம், பழையதை வாங்கலாம், முடித்துவிட்டதை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கலாம், நண்பனிடம் இரவல் கேட்கலாம். மாணவர்களுக்கு இந்த வசதிகள் சாதாரணமானவை அல்ல.

அடுத்தது டேட்டா. இன்றைய பெரிய விளையாட்டுகள் பல 100 ஜிபி அளவை எட்டுகின்றன. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில், வேறு எதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தாலும், அப்படி ஒரு விளையாட்டை இறக்கி முடிக்க 67 நாட்கள் ஆகும். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகள் வரும் அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே டிஸ்க்கில் 100 ஜிபி வரை அடங்கும் என்பதால், பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்தே கன்சோலுக்கு ஏறிவிடும். அதன்பின் வரும் திருத்தங்களுக்கு மட்டும் கொஞ்சம் டேட்டா தேவைப்படும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2023 இறுதியில் வெளிவந்த மெலிந்த வடிவத்தில், டிரைவ் இல்லாத கன்சோலை வாங்கிவிட்டுப் பிறகு டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள முடியும். 2020-இல் வெளிவந்த முதல் டிஜிட்டல் பதிப்பில் அந்த வழி கிடையாது. பழைய கன்சோலைக் குறைந்த விலைக்குத் தருவதாக யாராவது சொன்னால், எந்த வடிவம் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தனியாக வாங்கும் டிரைவை முதன்முறை பொருத்தும்போது, அதைக் கன்சோலுடன் பதிவு செய்ய ஒரு தடவை இணைய இணைப்பும் வேண்டும்.

கேள்வி: முழு விலை கொடுத்து டவுன்லோடு செய்த விளையாட்டு எனக்குச் சொந்தமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் கொடுத்தபின் அது எப்படி எனக்குச் சொந்தமில்லாமல் போகும்?
– கணினிப் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். பெரும்பாலான இணையக்கடைகளில் நீங்கள் பெறுவது, அந்த விளையாட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமம் மட்டுமே. 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தும்போது நாம் படிக்காமல் கடந்துவிடும் ஒப்பந்தத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த உரிமத்தைப் பிறருக்கு விற்க முடியாது. சில சூழ்நிலைகளில் நிறுவனம் அதைத் திரும்பப் பெறவும் முடியும்.

திரும்பப் பெற்றதற்கு அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வெளியான கார் பந்தய விளையாட்டு இது. தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வருடன் இணைந்திருந்தால்தான் இயங்கும்படி இது அமைக்கப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள்; 2024 மார்ச் 31 அன்று சர்வரையும் நிறுத்தினார்கள். அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமத்தையும் நீக்கினார்கள். ரசிகர்கள் யாராவது மாற்று சர்வர் ஒன்றை உருவாக்கினால்கூட, முறையாகக் காசு கொடுத்து வாங்கியவரின் கையில் விளையாட்டு இருக்காது என்பதே இதன் பொருள். இது நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன். சர்வரை எக்காலத்துக்கும் நடத்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது, இணையமின்றி இயங்கும் வடிவத்தில் விட்டுச்செல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கோரிக்கையோடு 2024 ஏப்ரலில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. எதிர்ப்பு வலுத்தபின் யூபிசாஃப்ட், 'தி க்ரூ 2'-க்கு இணையமின்றி விளையாடும் வசதியைத் தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. இது செய்யக்கூடிய காரியம்தான் என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்றால், நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பழைய விளையாட்டு டிஸ்க்குகளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே தீர்ப்பளித்தது. டவுன்லோடு செய்த மென்பொருளின் உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் கூறியது. அதை அடியொற்றி, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக்கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிராகப் பிரான்ஸின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் விளையாட்டுகளுக்கும் அந்த உரிமை உண்டு என்றது. மேல்முறையீட்டில் 2022-இல் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. வீடியோ கேம் என்பது வெறும் மென்பொருள் அன்று, படமும் இசையும் கதையும் சேர்ந்த படைப்பு, ஆகவே மென்பொருளுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்பது அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பார்வை.

கலிபோர்னியா மாநிலம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. விற்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று பொத்தான் வைக்கக் கூடாது என அங்கே 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. அது வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் அத்தகைய அறிவிப்பைச் சேர்த்துவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது படித்துப் பாருங்கள். இந்தச் சட்டம் உங்கள் உரிமையைக் கூட்டவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லவைத்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: என் ஸ்டீம் கணக்கில் பல ஆண்டுகளாகச் சேர்த்த விளையாட்டுகள் உள்ளன. எனக்குப்பின் என் பிள்ளைகளுக்கு அதை உயிலில் எழுதிவைக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. ஸ்டீம் கணக்கை உயில் மூலமாகவும் பிறருக்கு மாற்ற இயலாது என்பதே அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. டிஸ்க்குகளாக இருந்தால் அலமாரியோடு அவர்களுக்கே போய்ச் சேரும். எந்த நிறுவனத்திடமும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் டிஸ்க்காக வாங்கிவிட்டால் அந்த விளையாட்டு எக்காலத்துக்கும் என்னுடையது என்று நம்பலாம் அல்லவா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நம்பலாம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய நிலையில் டிஸ்க் வாங்கினால் மட்டும் போதாது. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் டிஸ்க்கை உள்ளே போட்டால் விளையாட்டு அந்த டிஸ்க்கிலிருந்தே ஓடியது. இப்போது நடப்பது வேறு. டிஸ்க்கைச் செருகியதும் அதிலுள்ள தரவு முழுவதும் கன்சோலின் உள் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கப்படுகிறது. அது முடிவதற்குள், வெளியீட்டு நாளன்றே தயாராக வைத்திருந்த திருத்தம் இணையத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறது. அதன்பின் விளையாட்டு ஓடுவது உள் சேமிப்பகத்திலிருந்துதான். ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று கன்சோல் பார்ப்பது, நீங்கள்தான் உரிமையாளர் என்பதை உறுதிசெய்துகொள்வதற்காக. ஆகவே 10 ஆண்டுகளுக்குப்பின் திருத்தங்கள் தரும் சர்வர் இல்லாமல் போனால் உங்களிடம் எஞ்சுவது, டிஸ்க் அச்சான நாளில் விளையாட்டு என்ன நிலையில் இருந்ததோ அந்த நிலைதான்.

அந்த நிலை சில விளையாட்டுகளில் முழுமையாக இருக்கும். சிலவற்றில் மிக மோசமாக இருக்கும். 2015-இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5' டிஸ்க்கில் பயிற்சிப் பகுதியும் திடல் அமைக்கும் பகுதியுமே இருந்தன. மற்றவை எல்லாம், டிஸ்க்கில் இருந்ததைவிட அளவில் பெரிய ஒரு திருத்தமாக இணையத்தில்தான் கிடைத்தன. முன்பு சொன்ன 'தி க்ரூ'வின் டிஸ்க் உங்களிடம் கீறலின்றி இருந்தாலும் பயனில்லை, சர்வர் இல்லை. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, வரவேற்பின்றிச் செப்டம்பர் 6 அன்றே நிறுத்தப்பட்டது. அதன் டிஸ்க்கும் அப்படித்தான். பணத்தையாவது திருப்பிக் கொடுத்தார்கள்.

நின்டெண்டோ 2025 ஜூன் 5 அன்று வெளியிட்ட ஸ்விட்ச் 2 கன்சோலில் இன்னொரு வகை வந்திருக்கிறது. 'கேம்-கீ கார்டு' என்ற பெயரில் விற்கப்படும் அட்டைகள் பார்வைக்கு விளையாட்டு பதிந்து வரும் வழக்கமான கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் விளையாட்டு இருக்காது. கார்டைச் செருகி, இணையத்திலிருந்து முழு விளையாட்டையும் இறக்கிக்கொண்டு, பிறகு விளையாடும் போதெல்லாம் கார்டையும் செருகி வைக்க வேண்டும். மறுவிற்பனை செய்யலாம், இரவல் தரலாம் என்பது இதன் நன்மை. ஆனால் விளையாட்டைத் தரும் சர்வர் நிற்கும் நாளில், இறக்காமல் வைத்திருந்தவரின் கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் துண்டு. பெட்டியின் முன்புறம் கீழ்ப்பகுதியில் இதற்கான அறிவிப்பு அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியை அணிந்துகொண்டே பெட்டியைப் பாருங்கள். அதே ஸ்விட்ச் 2-க்கு 'சைபர்பங்க் 2077' முழுவதும் 64 ஜிபி கார்டிலேயே வெளிவந்தது. அவ்வளவு பெரிய விளையாட்டையே அதில் அடக்க முடிந்தது என்பதால், மற்றவர்கள் கீ கார்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இடப்பற்றாக்குறை என்பதைவிடச் செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்த டிஸ்க் இணையமின்றி முழுமையாக ஓடுகிறது என்பதைச் சோதித்து வெளியிடுவதையே வேலையாக வைத்திருக்கும் 'டஸ் இட் ப்ளே' என்ற ஆர்வலர் குழு உண்டு. விலை உயர்ந்த விளையாட்டை வாங்குவதற்கு முன் அவர்களுடைய பட்டியலைப் பார்ப்பது நல்லது. நீங்களே சோதிக்க விரும்பினால், கன்சோலின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கை நிறுவுங்கள்; முதல் சில கட்டங்களாவது தடையின்றி ஓடுகின்றனவா என்று பாருங்கள். பழைய டிஸ்க் வாங்குபவர்கள் கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

கேள்வி: கணினி விளையாட்டுகளுக்கு இப்போது டிஸ்க்கே வருவதில்லையே? நாங்கள் என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: கணினியில் டிஸ்க்கின் பயன் 2004-இலேயே குறையத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'-ஐப் பெட்டியில் வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தால்தான் விளையாட முடிந்தது. ஆகவே டிஸ்க் இல்லையே என்று வருந்துவதைவிட, பூட்டு இல்லாத டவுன்லோடைத் தேடுங்கள். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடையில் வாங்கும் விளையாட்டுகளுக்கு, தனியாகச் சேமித்துவைக்கக்கூடிய நிறுவல் கோப்பு கிடைக்கும். அதை வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றி வைத்துவிட்டால், நாளை அந்தக் கடையே மூடப்பட்டாலும், இணையம் இல்லாத கணினியிலும் நிறுவி விளையாடலாம். கலிபோர்னியச் சட்டம்கூட, இப்படி நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. பாதி டிஸ்க்கில், பாதி சர்வரில் என்று வரும் கன்சோல் விளையாட்டைவிட இத்தகைய டவுன்லோடு எவ்வளவோ மேல்.

ஸ்டீமில் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கணினியில் சரியாக ஓடவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மகள் பயன்படுத்திய நின்டெண்டோ 3டிஎஸ் பரணில் கிடைத்தது. அதில் வாங்கியிருந்த விளையாட்டுகள் சில அழிந்துபோயிருக்கின்றன. மீண்டும் வாங்க முடியுமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: வாங்க முடியாது. 3டிஎஸ், நின்டெண்டோவின் மற்றொரு கன்சோலான வீ யூ ஆகிய இரண்டின் இணையக்கடைகளிலும் 2023 மார்ச் 27 அன்றோடு விற்பனை நிறுத்தப்பட்டது. ஆனால் முன்பே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளும் வசதியை நின்டெண்டோ நிறுத்தவில்லை. அது எத்தனை நாளுக்கு என்று உறுதி எதுவும் தரப்படவில்லை என்பதால், கருவியை இன்றே சார்ஜ் செய்து, பழைய கணக்கு அதிலேயே இருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் மெமரி கார்டில் இறக்கிவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையும் 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 3, கையடக்கக் கருவியான வீட்டா ஆகியவற்றின் கடைகளை மூடப்போவதாக 2021 மார்ச்சில் அறிவித்த சோனி, வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைக் கண்டு அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. குரல் எழுப்பினால் பலன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி: கடற்கரை ஊரில் வசிக்கிறோம். பிளேஸ்டேஷன் 1 முதல் சேர்த்த டிஸ்க்குகளும் கேம்பாய் கார்ட்ரிட்ஜுகளும் உப்புக்காற்றில் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– மீன்வள அலுவலர், நாகப்பட்டினம்

பதில்: முதலில், எந்த டிஸ்க் எந்தப் பக்கம் பலவீனமானது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகள் சிடி வகை. சிடியில் தரவு அடுக்கு, படம் அச்சிட்ட மேற்பக்கத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பளபளக்கும் கீழ்ப்பக்கத்தில் விழும் கீறலைவிட, மேற்பக்கத்தில் பேனாவால் எழுதுவதும் ஒட்டிய விலைச்சீட்டை உரிப்பதும் ஆபத்து. பிளேஸ்டேஷன் 2-இன் பெரும்பாலான டிஸ்க்குகள் டிவிடி. அதில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கும். பிளேஸ்டேஷன் 3 முதல் ப்ளூ-ரே. அதில் தரவு கீழ்ப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் கடினப் பூச்சு ஒன்று கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு போனால் டிஸ்க்கும் போயிற்று.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். டிஸ்க்குகளை அவற்றின் பெட்டியிலேயே, நூலகத்தில் புத்தகம் அடுக்குவதுபோல் நிறுத்தி வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துப் பூட்டுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கேம்பாய் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடையுங்கள். 'போகிமான்' போன்ற விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜுக்குள் பட்டன் வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது. விளையாட்டு வேறொரு சிப்பில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் சேமித்து வைத்த ஆட்டநிலை அந்த பேட்டரியின் மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றுவதற்குச் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். சேமித்த ஆட்டநிலையை முதலில் கணினியில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கேம் டிசைன் பாடம் தொடங்கியிருக்கிறார்கள். நூலகத்தில் பழைய விளையாட்டுகளின் தொகுப்பு ஒன்று உருவாக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– நூலகர், சென்னை

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது உங்களுடையது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடையில் இல்லாததை மாணவர் பார்க்க வேண்டுமென்றால் நூலகம்தான் கதி. பிரான்ஸின் தேசிய நூலகம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், ஜப்பானின் தேசிய நூலகம் 2000 முதலும், புத்தகங்களைப் போலவே விளையாட்டுகளையும் பெற்றுப் பாதுகாக்கின்றன. ஆனால் ஜப்பானிய நூலகம் ஸ்விட்ச் 2-இன் கேம்-கீ கார்டுகளைத் தன் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை என்று கூறிவிட்டது. உள்ளே படைப்பே இல்லாத ஒன்றைப் பாதுகாத்து என்ன பயன் என்பது சரியான கேள்வி. டவுன்லோடு வடிவில் மட்டுமே வந்தவற்றின் கதி இதைவிடக் கவலைக்குரியது. 2014 ஆகஸ்டில் கொனாமி இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்ற திகில் விளையாட்டின் முன்னோட்டம் 2015 ஏப்ரலில் கடையிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அது, அழிக்காமல் வைத்திருந்தவர்களின் பிளேஸ்டேஷன் 4 கன்சோல்களில் மட்டும் இருக்கிறது.

நீங்கள் பிளேஸ்டேஷன் 2-இலிருந்து தொடங்குங்கள். டிஸ்க்கிலேயே முழு விளையாட்டும் உள்ள தலைமுறை அது. நம் ஊரில் ஏராளமானோர் வாங்கினார்கள் என்பதால் ரிச்சி தெருவிலும் பழைய மாணவர்களின் வீடுகளிலும் இன்னும் கிடைக்கும். அசல் டிஸ்க்குகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு டிஸ்க்கின் மேற்பக்கத்தில் அச்சான குறியீட்டு எண்ணையும் எந்தப் பிராந்தியத்தின் பதிப்பு என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் ஒரு பிராந்தியத்துக்கான டிஸ்க் மற்றொரு பிராந்தியத்தின் கன்சோலில் ஓடாது. ஒன்றுக்கு இரண்டு கன்சோல்களை வாங்கி வையுங்கள். டிஸ்க்குக்கு முன் அதைப் படிக்கும் லேசர் லென்ஸ் தேய்ந்துவிடும். பழைய படக்குழாய் தொலைக்காட்சி ஒன்று இலவசமாகக் கிடைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த விளையாட்டுகள் வரையப்பட்டது அந்தத் திரைக்காகத்தான்.